போட்டம்மாவின் ஒற்றை அடுப்பு

போட்டம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவர்கள் யார், எந்த ஊர், எதற்காகச் சண்டை என்பதெல்லாம் அவருக்கு வேண்டியதில்லை. தன் படகில் ஏறியவர்கள் என்றால் போதும், இறங்குவதற்குள் பேச வைத்துவிட வேண்டும். முடியாமல் போனால் அன்றைக்கு அந்த அம்மாள் படுகிற பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியாது.

மரக்காணத்தில் உப்பளங்களுக்குப் பின்னால், கால்வாய் வந்து கழுவேலி ஏரியில் சேருகிற இடத்தில் அவருடைய படகு கட்டியிருக்கும். அந்தப் பக்கத்தில் படகுக்குப் போட்டு என்று பெயர்; அதனால் அவர் போட்டம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் திண்டிவனத்து மண்டிக்காரர்கள், வக்கீல்கள், விழுப்புரத்து ரயில்வே உத்தியோகஸ்தர்கள் எல்லோருக்கும் அது பழக்கம். வாடகைப் படகு. இரண்டு மூன்று நாள் அதிலேயே தங்கித் தூண்டில் போட்டுவிட்டு வரலாம். பாய்மரம் ஒன்று, பலகைக் கட்டில் போட்ட அறைகள் இரண்டு, பின்பக்கம் மணல் கொட்டிய பெட்டிக்குள் ஒரு மண் அடுப்பு. மாசி, பங்குனியில் கடல் சாதுவாக இருக்கும்போது முகத்துவாரம் தாண்டி, கரையை ஒட்டியே புதுச்சேரிப் பக்கம் வரைக்கும் போய்வரும். மற்ற மாதங்களில் கழுவேலியோடு சரி.

படகோட்ட இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அதிகாரம் எல்லாம் போட்டம்மாவுடையது. குள்ளமான, கனத்த உடம்பு. ஐம்பது வயதிருக்கும். மடியில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பை. புருஷன் காலமான பிறகு படகை விற்றுவிடச் சொன்னார்களாம். விற்றுவிட்டு எங்கே படுப்பது என்று கேட்டாராம். அவர் மனசில் ஏதோ பெரிய துக்கம் இருந்ததால்தான் இப்படி ஊரார் சண்டையை எல்லாம் இழுத்துப்போட்டுக்கொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை அப்படி ஒன்றும் இல்லை. நான் ஒருமுறை நேராகவே கேட்டேன்.

"தூக்கம் வர்ல தம்பி, அதான். ரெண்டு பேரு மூஞ்சத் திருப்பிக்கினு படுத்துக்கினு இருந்தா எனக்கு போட்டு ஒரு பக்கமா சாய்ஞ்சிக்கினு போற மாரியே இருக்குது" என்றார்.

அவருடைய சமாதானங்கள் கண்ணியமாக நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். விழுப்புரத்திலிருந்து பார்சல் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் வந்தபோது சீட்டாட்டத்தில் தகராறு முற்றிக் கை நீட்டுகிற வரைக்கும் போய்விட்டதாம். போட்டம்மா வந்தார், சீட்டுக்கட்டை வாரினார், தண்ணீரில் விட்டெறிந்தார். நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். "பாத்தீங்களா, இப்ப நீங்க நாலு பேரும் ஒரு கட்சி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

எல்லாச் சமயமும் பலித்ததில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த புருஷன் பெண்சாதி இருவரை ஒரு நாள் முழுக்க எதிரெதிராக உட்கார வைத்து வலையில் சிக்கெடுக்கச் சொன்னார். பொழுது சாய்கிற நேரத்தில் அந்தப் பெண் என்னை இறக்கி விடு என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கூனிமேட்டுக் கரையில் அவளை இறக்கினார்கள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் போவதைப் போட்டம்மா பார்த்துக்கொண்டே நின்றாராம். இதைச் சொன்ன படகுக்காரர், அதற்குப் பிறகு அம்மா ஒரு வாரம் யாரையும் ஏற்றவில்லை என்றார். எனக்கும் இதைக் கேட்டபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தண்ணீரின் நடுவில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பேசு பேசு என்றால் மனுஷர் எங்கே போவார்கள்?

எங்கள் வீட்டு விஷயத்தில் அவர் தலையிட்டதைச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, விழுப்புரத்தில் ரயில்வே காண்டிராக்டர். இருவருக்கும் தூண்டில் பைத்தியம். மாசி வந்தால் மச்சானும் மச்சானும் சேர்ந்து போட்டம்மாவின் படகுக்குக் கிளம்பிவிடுவார்கள். என் பெரிய அண்ணன் கல்யாணத்தோடு அது நின்றுபோயிற்று. மாப்பிள்ளை தலையில் உருமாத் துணியைத் தலைப்பாகையாகக் கட்ட வேண்டியது தாய்மாமன். மாமா சீர்த் தட்டுகளோடு விழுப்புரத்தில் ஏறிய ரயில் வழியில் எங்கோ நின்றுவிட்டது. முகூர்த்தம் தவறிவிடும் என்று அப்பா ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் கூப்பிட்டு உருமா கட்ட வைத்துவிட்டார். தட்டுகளோடு வந்து பந்தல் வாசலில் நின்ற மாமா, பையன் தலையைப் பார்த்தார். வாசலைத் தாண்டாமல் அப்படியே திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. அப்பாவும் அவர் வீட்டில் கை நனைப்பதில்லை. இரண்டு பேரும் செத்தாலும் வாழ்ந்தாலும் எட்டிப்பார்ப்பதில்லை என்று ஆகி மூன்று வருஷம் ஓடிவிட்டது. நடுவில் அடிபட்டது அம்மா. என் தங்கைக்கு வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமானபோது அம்மா அடுப்படியில் இருந்தபடியே ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன் வந்து நிக்காம பந்தக்கால் நடக்கூடாது. நட்டீங்கன்னா நா மணையில உக்கார மாட்டேன்."

அம்மா சொன்னால் செய்கிறவள். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் போய்க் கூப்பிடுவது யார்? "ரயிலு லேட்டா வந்ததுக்கு நா இன்னா பண்ணுவேன்?" என்பது அப்பாவின் கட்சி. மாமாவின் கட்சியும் அதே கேள்விதான். தங்கை ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்த மாசியில் அப்பாவுக்காகப் படகு பேசி வெற்றிலையில் அச்சாரம் வைத்துக் கொடுக்க நான் மரக்காணம் போயிருந்தேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. மண்டிக் கணக்கை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் வீட்டு நிலவரத்தைச் சொன்னேன். போட்டம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். "அப்படியா சமாச்சாரம்" என்றார்.

குறித்த நாள் காலையில் நானும் அப்பாவும் எங்கள் சமையல்காரரும் பாத்திரம் பண்டத்தோடு துறையில் போய் இறங்கினோம். அங்கே மாமா தன் சமையல்காரரோடும் பாத்திரம் பண்டத்தோடும் நின்றுகொண்டிருந்தார்.

"அய்யய்யோ! மண்டி ஐயாவுக்கும் இன்னிக்கா சொல்லிட்டேன்? விழுப்புரத்து ஐயாவுக்கும் இன்னிக்குதானே சொன்னேன்! மறந்து பூட்டேனே!" என்று போட்டம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் எந்த நாளையும் மறந்து நான் பார்த்ததில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த ஆளப் போயிட்டு இன்னொரு நாளு வரச் சொல்லு."

மாமாவும் என் பக்கம்தான் திரும்பினார். "மாப்ள, உங்க அப்பாவ வேணும்னா போவச் சொல்லு. கொடுவா வர்ற நாளு. நா போவ மாட்டேன்."

கொடுவா மீன் முகத்துவாரத்துக்கு வருகிற நாள் அது. அதை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு இருவரில் யாருக்கும் பெருந்தன்மை கிடையாது. இருவரும் ஏறினார்கள். ஆளுக்கு ஓர் அறை. இதற்குள் கரையில் சமையல்காரர்கள் இருவருக்கும் சண்டை மூண்டுவிட்டது. யார் உலையை முதலில் ஏற்றுவது என்று.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படகில் அடுப்பு ஒன்றுதான். மரப்படகு, நெருப்புக்குப் பயம். வாடகைக்கு எடுத்தவர் யாரோ, அந்த மூன்று நாளும் படகு அவர் வீடு, அடுப்பும் அவர் வீட்டு அடுப்பு. அவர்கள் ஆக்கி இறக்கிய பிறகுதான் போட்டம்மா தனக்கும் ஆட்களுக்கும் தன் சட்டியை ஏற்றுவார். எங்கள் வீட்டில் மீன் உண்டு. ஆனால் கடற்கரைக்காரர் கையால் ஆக்கியதைத் தின்பது கிடையாது. அன்றைக்கு எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். போட்டம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சமையல்காரர்களின் சத்தம் உயர்ந்துகொண்டே போயிற்று. போட்டம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஒரு அடுப்புல ரெண்டு ஊட்டு ஒலை ஏத்த முடியாது. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு பண்ணிக்கினு வாங்க" என்றார். பிறகு படகுக்காரர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கழி ஊன்றி அவர்கள் தள்ளிவிட்டார்கள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது துறையில் இரண்டு சமையல்காரர்களும் தவலையும் கையுமாக நின்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கத்தினார். மாமாவும் கத்தினார். "காத்து திரும்பினாத்தான் போட்டத் திருப்ப முடியும் சாமி" என்றார் போட்டம்மா. காற்றா? கொஞ்சம் மன்றாடியிருந்தால் திருப்பியிருப்பார். ஆனால் முதலில் திருப்பச் சொன்னவர் தோற்றவர் என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டு தூண்டிலைப் போட்டார்கள்.

மத்தியானத்துக்குக் கட்டுச்சோறு இருந்தது. முதுகுக்கு முதுகு உட்கார்ந்து தின்றார்கள். சாயங்காலம் ஒன்றும் இல்லை. போட்டம்மா தன் சட்டியை ஏற்றினார். அப்பா பிடித்த கொடுவாவில் பாதி, மாமா பிடித்த கொடுவாவில் பாதி. குழம்பு கொதிக்கிற வாசனை இரண்டு அறைக்குள்ளும் ஒரே மாதிரி போயிற்று. மாமா கதவைச் சாத்தினார். அப்பா எழுந்து முன்பக்கம் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். எனக்குப் பசியில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் உச்சிப் பொழுதுக்கு இருவர் முகமும் தொங்கிப்போயிற்று. போட்டம்மா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் எங்கள் அச்சாரமும் மாமாவின் அச்சாரமும் வாடிப்போன வெற்றிலையோடு அப்படியே இருந்தன.

"ஐயா, இத எடுத்துக்கங்க. விழுப்புரத்து ஐயா, நீங்களும் எடுத்துக்கங்க. இப்ப இந்தப் போட்டு உங்க ரெண்டு பேரு ஊடும் இல்ல. என் ஊடு. மச்சான் ஊட்ல கை நனைக்க மாட்டேன்னீங்க, சரி. என் ஊட்ல நனைக்கலாமா கூடாதா, அத சொல்லுங்க."

பதிலுக்கு நிற்காமல் மந்தார இலை மூன்றைப் போட்டார். கேப்பைக் களி உருண்டையை வைத்துக் குழம்பை ஊற்றினார். எதிரில் நாலாவது இலையைப் போட்டுத் தானும் உட்கார்ந்தார்.

இருவர் முகத்திலும் ஓடிய கணக்கை என்னால் படிக்க முடிந்தது. தின்னாமல் இருந்தால் பட்டினி. தின்றால் சாதியில் சொல்ல முடியாத காரியம். வேண்டாம் என்று எழுந்தால் மற்றவன் தின்றுவிட்டு ஊரில் போய்ச் சிரிப்பான். அப்பா தந்திரமாக என்னைத் தள்ளினார்.

"நீ துன்னு தம்பி. நீ சின்னவன். உனக்கு ஒண்ணும் இல்ல."

நான் உட்கார்ந்தேன். வெட்கம் மானம் எல்லாம் விட்டுத் தின்றேன். அந்தக் குழம்பின் ருசியை இப்போது சொன்னாலும் வாயில் நீர் ஊறுகிறது. நான் இரண்டாம் உருண்டையை வாங்கியபோது எனக்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பலகை அமுங்கியது. யார் முதலில் உட்கார்ந்தார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

போட்டம்மா தலை நிமிரவே இல்லை. தான் பாட்டுக்குச் சாப்பிட்டார். இலை காலியானால் மட்டும் கரண்டியை நீட்டினார்.

கை கழுவிய பிறகு அப்பா தொண்டையைச் செருமினார். மூன்று வருஷத்தில் மாமாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ஊட்ல போயிட்டு சொல்லுவியா?"

"நா எதுக்கு சொல்றேன்? நீ என் தங்கச்சிக்காரிகிட்ட உளறாம இருந்தா சரி."

"நா உளற மாட்டேன்."

"உன்ன எனக்குத் தெரியாது?"

இருவரும் தூண்டிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் மாமாவின் தோள் குலுங்கியது. அப்பாவுக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சொல்லக்கூடாத ஒன்றைச் சேர்ந்து செய்துவிட்டவர்கள் பேசாமல் எப்படி இருப்பது? ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாமா தானாகவே இலையைத் தேடினார்.

"வைகாசியில பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார் அப்பா, தூண்டிலைப் பார்த்தபடி.

"கேள்விப்பட்டேன். ரயிலு லேட்டா வந்தா?"

"தாலியக் கையில வெச்சிக்கினே நிக்கச் சொல்றேன் மாப்ளைய."

மாமா முந்தின நாளே வந்துவிட்டார். அண்ணனைக் கண்டதும் அம்மா வாய்விட்டு அழுதாள். கல்யாணம் ஜோராக நடந்தது.

போட்டம்மாவுக்கு நான் மரக்காணம் போய்ப் பாக்கு வைத்து அழைத்திருந்தேன். வருவார் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு, கூடை நிறையத் தாழம்பூவோடு வந்தார். அம்மாவுக்கு அவரை மச்சான்களை ஏற்றிப்போன படகுக்காரி என்று மட்டும்தான் தெரியும். பூவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்த் தங்கையின் சடையில் வைத்துத் தைத்தாள். போட்டம்மா பந்தலின் ஓரத்துக் காலைப் பிடித்தபடி நின்றார்.

பந்தி ஆரம்பமாயிற்று. ஒரு பந்தி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவரைக் கூப்பிடுவதற்கு யாரும் இல்லை. அப்பாவும் மாமாவும் சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்றேன்.

"நீ போயிக் கூப்புடு மச்சான்" என்றார் அப்பா.

"உன் ஊட்டுக் கல்யாணம். நா யாரு கூப்புட?"

"எந்தப் பந்தியில உக்கார வெக்கிறது? சம்மந்தி ஊட்டாருங்க இருக்கறாங்க. பேஜாராப் பூடும்."

"அன்னிக்கு அந்தம்மா எந்தப் பந்தியில உன்ன உக்கார வெச்சாங்க?"

"மெதுவாப் பேசுய்யா! நீ மட்டும் துன்னலியா? உனக்கு அவ்ளோ அக்கறை இருந்தா நீ இட்டுக்கினு வந்து உக்கார வையேன்."

"ஊட்டுக்காரன் நீ இருக்கறப்ப நா வெச்சா நாளிக்கு என்னை இன்னா சொல்லுவ? இப்படித்தான் அன்னிக்கு உருமாவுக்கும்..."

குரல் ஏறிவிட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிடும்போல இருந்தது.

அப்போது போட்டம்மா பந்தல் காலை விட்டு நேராக எங்களிடம் வந்தார். பேச்சு அவர் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. இருவர் முகத்தையும் பார்த்தாலே அவருக்குப் போதும்.

"ஐயா, நா வர்றேங்க. வயிறார சாப்ட்டேன். பின்னாடி பொம்பளைங்களோட உக்காந்து ஆச்சி. வடையும் பாயசமும் அப்படி இருந்திச்சி. ரெண்டு பேரும் இப்படியே நல்லா இருக்கணும்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பா மூச்சை விட்டார். மாமாவின் முகமும் இளகியது. "அதானே, சாப்டாம உடுவாங்களா?" என்றார் மாமா. அப்பா உடனே ஜட்காக்காரரைக் கூப்பிட்டு, போட்டம்மாவை ஜல்தியாக மரக்காணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வரும்படி சொன்னார். மரியாதையாக, பெரிய மனுஷிக்குச் செய்கிற மாதிரி. அவர் ஏறிப் போனார்.

கடைசிப் பந்தியில் வீட்டார் உட்கார்ந்தோம். அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில். அம்மா தானே பரிமாறுவேன் என்று சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வருஷம் கழித்து அண்ணனுக்கும் புருஷனுக்கும் ஒரே வரிசையில் சோறு போடுகிற பூரிப்பு அவள் முகத்தில் அப்படி இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஜட்காக்காரர் சாப்பிட வந்தார்.

"அந்த அம்மாவ ஏத்தி உட்டாச்சா?" என்று கேட்டார் அப்பா.

"ஏத்தி உட்டேங்க. பஸ்ஸு வர்றதுக்கு நேரமாயிடிச்சி. பாவம், மல்லாட்டை வாங்கிப் பசி பசின்னு துன்னாங்க. கல்யாண ஊட்லேருந்துதானே வர்றீங்க, சாப்டலியான்னேன். நீ சும்மா இருப்பான்னுட்டாங்க."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாளியோடு நின்று இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவின் கை பிசைந்த சோற்றின்மேல் அப்படியே இருந்தது. மாமா அப்பாவைப் பார்த்தார். நீதானே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இருவரில் யார் சொன்னாலும் அன்றைக்கு ஊர் கூடியிருக்கும். விலக்கிவிடப் போட்டம்மாவும் இல்லை.

அவர்கள் சண்டை போடவில்லை. மாமா இலையை மூடினார். அப்பாவும் மூடினார். இருவரும் ஒன்றாக எழுந்து கை கழுவப் போனார்கள்.